சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஆயினும் முதுகலைச் சமூகவியலில் புள்ளியியல் தாள் வந்தபோது அட்டவணைகளைக் கண்டாலே கை நடுங்கியது. இதைப் பள்ளியிலேயே விரிவாகக் கற்பிக்க வேண்டும் என்கிறீர்கள். அச்சத்தையும் சீக்கிரமே தொடங்கிவைப்பதாக அது ஆகிவிடாதா? தேவைப்படுவோர் மட்டும் கல்லூரியில் கற்றால் போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கணக்கில் தேர்ந்தவர்களையும் இந்த அச்சம் விடுவதில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. பள்ளிக் கணக்கில் விடை கிடைத்ததும் வேலை முடிந்துவிடும். புள்ளியியலிலோ கூட்டலும் வகுத்தலும் பிழையின்றி முடிந்த பிறகும், இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மிஞ்சுகிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு கேள்விக்கு ஒரே விடை என்று எழுதிப் பழகியவரிடம் திடீரென அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் தடுமாறத்தான் செய்வார். எனவே தள்ளிப்போடுவது அச்சத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

இப்போது பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது, யாரும் திரட்டாத பத்து எண்களுக்குத் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு, காண்பது. அதற்கு மாறாக, வகுப்பிலுள்ள இருபது பேரும் நேற்றிரவு எவ்வளவு நேரம் உறங்கினார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். விளக்கை அணைத்த நேரத்திலிருந்து கணக்கிடுவதா, கண்ணயர்ந்த நேரத்திலிருந்தா என்ற விவாதம் உடனே எழும்; தரவு என்பது தானாகக் கிடைப்பதன்று, மனிதர்கள் முடிவெடுத்து உருவாக்குவது என்று அப்போதே விளங்கிவிடும். ஒரு குழந்தை 8 மணி நேரத்தை 80 என்று எழுதிவிட்டால் வகுப்பின் சராசரி 3.6 மணி நேரம் ஏறும். எல்லாரின் நேரத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு ஏறக்குறைய அசையாது. இரண்டு அளவுகள் எதற்காக இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லிவிடாது.

வரைந்து பார்க்கும் பழக்கமும் அப்போதே வர வேண்டும். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். சராசரி, சிதறலைக் காட்டும் மாறுபாடு, இரண்டு அளவுகளுக்கிடையிலான தொடர்பைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு ஆகியவை நான்கிலும் ஏறத்தாழ ஒன்றே, வரைந்தால் நான்கும் நான்கு வடிவம். (திட்ட விலக்கத்தைக் கையால் கணக்கிடும் பயிற்சியைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டாலும் நான் வருந்த மாட்டேன், அதைக் கணினி செய்யும்.)

தேவைப்படுவோர் மட்டும் கற்றால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1995-இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு அபாயத்தை இருமடங்காக்குகின்றன என்ற எச்சரிக்கை வெளியானது. உண்மையில் அது ஏறக்குறைய 7,000 பேரில் ஒருவர் என்ற நிலையிலிருந்து இருவர் என்ற நிலைக்கு உயர்வதுதான். ஆனால் பீதியில் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். விரும்பாத கருத்தரிப்புகளும் கருக்கலைப்புகளும் பெருகின. அவர்களில் எவரும் புள்ளியியல் படித்திருக்க வேண்டிய துறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. 'எதில் இருமடங்கு?' என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும், அது பன்னிரண்டு வயதில் கற்கக்கூடியதே.

தேர்வு மாறாமல் இவை எதுவும் நிலைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு செய்தியையும் அதன் வரைபடத்தையும் கொடுத்து, இதை நம்புவதற்கு முன் வேறென்ன தெரிய வேண்டும் என்று கேட்டு, காட்டும் காரணத்துக்கு மதிப்பெண் தரலாம். அத்தகைய விடைத்தாள்களைத் திருத்துவது கடினம், ஆசிரியர்களுக்கே இந்தப் பாடத்தில் தயக்கம் உண்டு. ஆகவே பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்குவதே சரியான வரிசை என்று நினைக்கிறேன்.