பழைய டெஸ்க்டாப்ல இருந்து புது லேப்டாப்புக்கு 250 ஜிபி: ஒரு லேன் கேபிள் போதும்

கேள்வி: வீட்ல விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்னு இருக்கு சார். இப்ப விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கிருக்கேன். குடும்ப போட்டோ, கல்யாண வீடியோன்னு மொத்தம் 250 ஜிபி மாத்தணும். 32 ஜிபி பென்டிரைவ்ல போட்டா போட்டோ ஏறுது, வீடியோ ஏற மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் யூஎஸ்பி முனை இருக்கற கேபிள் வாங்கி நேரா சொருகிட்டா வேலை முடிஞ்சிடுமா?

முதல்ல அந்த கேபிளை வாங்கிடாதீங்க. கம்ப்யூட்டரோட யூஎஸ்பி போர்ட் ரெண்டுமே முதலாளி மாதிரி, எதிர்ல வேலைக்காரன் (பென்டிரைவ், மவுஸ்) இருந்தாத்தான் பேசும், அதுவும் போக ரெண்டு பக்கமும் 5 வோல்ட் தள்ளிக்கிட்டு இருக்கும், நேரா சொருகினா ஃபைல் போகாது, போர்ட் போனாலும் போகும். நடுவுல ஒரு சின்ன பெட்டி வச்ச டிரான்ஸ்ஃபர் கேபிள்னு தனியா விக்கறாங்க, அது வேற, ஆனா ஒரு தடவை வேலைக்கு அந்தக் காசு தண்டம். வீடியோ ஏறாததுக்கு பென்டிரைவ் மேல தப்பில்லை, அது ஃபேட்32ங்கற பழைய முறையில ஃபார்மேட் ஆகிருக்கும், அதுல ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினா எடுக்காது.

உங்களுக்கு வேண்டியது ஒரு சாதாரண லேன் கேபிள். முன்னாடி எல்லாம் ரெண்டு முனையிலயும் கம்பி வரிசையை மாத்தி கிராஸ் கேபிள்னு தனியா கிரிம்ப் பண்ணணும் (முனையில பிளக் மாட்டறது), இப்ப ஜிகாபிட் (செகண்டுக்கு 1000 மெகாபிட்) போர்ட் எந்த கேபிளா இருந்தாலும் தானா புரிஞ்சுக்கும். ஆனா கேபிள்ல 8 கம்பியும் இருக்கான்னு முனையைப் பாருங்க. 4 கம்பி மட்டும் வச்சு கிரிம்ப் பண்ணது ஊர்ல நிறைய சுத்துது, அதுல 100 எம்பிபிஎஸ் தாண்டாது, அதாவது செகண்டுக்கு 11 எம்பி, உங்க 250 ஜிபிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஜிகாபிட்ல பழைய ஹார்ட்டிஸ்க் எவ்வளவு வேகமா குடுக்குதோ அவ்வளவு வரும், ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். லேப்டாப்ல லேன் போர்ட் இல்லைன்னா யூஎஸ்பி 3 லேன் அடாப்டர் ஒன்னு வாங்கிக்கோங்க.

கேபிளை சொருகினதும் நடுவுல ஐபி (நெட்வொர்க்ல கம்ப்யூட்டரோட விலாச நம்பர்) குடுக்க ரவுட்டர் இல்லாததால ரெண்டும் 169.254ன்னு ஆரம்பிக்கற நம்பரை தானே போட்டுக்கும், அதுலயே சில சமயம் ஓடும், நான் அதை நம்பறதில்லை, நெட்வொர்க் செட்டிங்ஸ்ல கையாலயே போட்டுடுவேன். டெஸ்க்டாப்ல 192.168.50.1, லேப்டாப்ல 192.168.50.2, ரெண்டுலயும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி நெட்டுக்குப் போற வழி), டிஎன்எஸ் கட்டங்களைக் காலியா விட்டுடுங்க. வேலை முடியற வரைக்கும் ரெண்டுலயும் வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க.

இதுவரைக்கும் பத்து நிமிஷம். இதுக்கப்புறம்தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க, கேபிள் நல்லாத்தான் இருக்கும், விண்டோஸ் உள்ள விடாது. பழைய மெஷின்ல இருக்கறதை புதுசு எடுத்துக்கற மாதிரி வைக்கறதுதான் சுலபம், அதனால ஷேர் பண்றது விண்டோஸ் 7 பக்கம். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன் பண்ணுங்க. கேட்வே இல்லாத கனெக்‌ஷனை அது பப்ளிக் நெட்வொர்க்னுதான் நினைக்கும், அதனால பப்ளிக்னு இருக்கற பகுதியிலயும் ஆன் பண்ணணும், வெளி ஆள் யாரும் அந்தக் கம்பியில இல்லை, பயமில்லை, முடிஞ்சதும் மறக்காம ஆஃப். அப்புறம் போட்டோ ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி ஷேர் வித், உங்க அக்கவுண்டைத் தேர்ந்தெடுங்க.

அடுத்தது பாஸ்வேர்டு. டெஸ்க்டாப்ல பாஸ்வேர்டே இல்லாம நேரா உள்ள போறீங்கன்னா கண்டிப்பா மாட்டுவீங்க, பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டை நெட்வொர்க் வழியா விண்டோஸ் விடாது. ஒன்னு வச்சிடுங்க. லேப்டாப்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மேல அட்ரஸ் அடிக்கற இடத்துல \\192.168.50.1 அடிச்சு என்டர் தட்டினா பேரும் பாஸ்வேர்டும் கேக்கும். லேப்டாப்போட பின் நம்பரைப் போட்டு பத்து தடவை முட்டிக்காதீங்க, அது கேக்கறது டெஸ்க்டாப்போடது. பேரும் ஸ்கிரீன்ல தெரியறது இல்லாம இருக்கலாம், சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள என்ன பேர் இருக்கோ அதைப் போட்டுப் பாருங்க.

எஸ்எம்பி1 (நெட்வொர்க்ல ஃபைல் பகிர விண்டோஸ் வச்சிருந்த பழைய முறை) ஆன் பண்ணுங்கன்னு நிறைய வீடியோல சொல்லுவாங்க, கேக்காதீங்க. 2017ல வான்னாக்ரை வைரஸ் பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். விண்டோஸ் 7க்கு எஸ்எம்பி2 தெரியும், பழசு தேவைப்படறது எக்ஸ்பி மாதிரி மெஷினுக்கு.

ஃபோல்டர் தெரிஞ்சதும் காப்பி பண்ணுங்க, கட் பண்ணாதீங்க. நான் ஒரு தடவை அவசரத்துல கட் பேஸ்ட் போட்டு பாதி வழியில கரண்ட் போய், எது இங்க எது அங்கன்னு பிரிக்கவே ரெண்டு நாள் ஆச்சு, வீட்ல வாங்கின திட்டு தனி. ரெண்டு மெஷின்லயும் ஸ்லீப்பை நெவர்ல வச்சிட்டு, வருஷம் வருஷமா ஃபோல்டரைப் பிரிச்சு அனுப்புங்க, நடுவுல நின்னா எங்க நின்னுச்சுன்னு தெரியும். சின்னச் சின்ன போட்டோ ஆயிரக்கணக்குல போறப்ப வேகம் குறையும், வீடியோ வந்ததும் தானா ஏறும், அதைப் பாத்து கேபிளைப் புடுங்கிடாதீங்க.

முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கையும் சைஸும் ஒன்னா இருக்கான்னு பாருங்க. டெஸ்க்டாப்ல இருக்கறதை ஒரு மாசத்துக்கு அழிக்காம வைங்க. ஒருவேளை டெஸ்க்டாப் அடிக்கடி தானா ஆஃப் ஆகற கேஸா இருந்தா இந்த லேன் கதையே வேண்டாம், ஹார்ட்டிஸ்கை கழட்டி சாட்டா டு யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி லேப்டாப்ல நேரா எடுத்துடுங்க, 3.5 இன்ச் டிஸ்க்னா தனி பவர் அடாப்டர் கூட வர்றதா பாத்து வாங்குங்க.