பிறந்தநாள் சட்டைக்குப் பசை வேண்டாம், ஊசி நூல் போதும்

கேள்வி: என் பையனுக்கு அடுத்த மாதம் 2 வயது. வெள்ளை டி-ஷர்ட்டில் ஒரு மாம்பழமும் பெரிதாக '2' என்ற எண்ணும் வைக்க ஆசை. போன வருஷம் மூத்தவளுக்குப் பசையால் ஜமிக்கி ஒட்டிக் கொடுத்தேன். பாதி உதிர்ந்தது, குத்துகிறது என்று அழுது கழற்றிவிட்டாள். எந்தப் பசை நல்லது? வீட்டில் பழைய மிதி மெஷின்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: எந்தப் பசையும் வேண்டாம். பசை காய்ந்தால் விறைத்துவிடும், பனியன் துணியோ இழுபடும். அதனால் நாலு தடவை துவைப்பதற்குள் ஓரம் கிளம்பிவிடும். உருக்கி ஊற்றும் பசை இன்னும் மோசம், இஸ்திரி பட்டால் இளகும். ஜமிக்கி, மணி, பொத்தான் எதுவும் இந்தச் சட்டையில் வேண்டாம். 3 வயதுக்குள் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. பெரியவளுக்கு ஜமிக்கி வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் தைத்துத் தனித்தனியாக முடிச்சுப் போடுங்கள்.

துணியை வெட்டி வைத்துத் தைப்பதுதான் உங்களுக்குச் சரி, மிதி மெஷினே போதும். முதலில் டி-ஷர்ட்டையும் மேலே வைக்கப்போகும் துணியையும் துவைத்துக் காய வைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் மாம்பழத்தைச் சுற்றிக் கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும். சிவப்பு, மெரூன் துணி என்றால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள், கல்லுப்பில் ஊற வைத்தால் நின்றுவிடும் என்று சொல்வதை நம்பி வெள்ளைச் சட்டையில் வைக்க வேண்டாம்.

அடுத்து, டெய்லர்கள் காலருக்கு வைக்கிற பசை கேன்வாஸில் மெல்லிசாக ஒன்று வாங்குங்கள். கிருஷ்ணகிரியில் தையல் சாமான் கடைகளில் கேட்டாலே கொடுப்பார்கள். (இதன் பசை துணிக்குப் பின்னால் ஒட்டத்தான், சட்டையைப் பிடித்து வைப்பது தையல்தான்.) சொரசொரப்பாக இருக்கிற பக்கத்தை மாம்பழத் துணியின் பின்பக்கம் வைத்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் ஒரே இடத்தில் அழுத்தி எடுங்கள். இனி வெட்டினாலும் ஓரம் அவ்வளவாகப் பிரியாது. படத்தை கேன்வாஸ் பக்கம் வரையும்போது '2'-ஐக் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி வரையுங்கள், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். மாம்பழத்துக்கு நம் ஊர் கிளிமூக்கையே வரையலாமே, நீளமாக, நுனியில் அந்த வளைந்த மூக்கோடு. தூரத்திலிருந்து பார்த்தாலும் மாம்பழம் என்று தெரியும்.

சட்டையை நெடுக்காக மடித்து நடுவைக் குறித்து, கழுத்துக்குக் கீழே 2 அங்குலம் விட்டு மாம்பழத்தை வைத்து, நகராமல் இருக்கக் கையால் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போடுங்கள். மெஷினில் வைக்கும்போது சட்டைக்கு அடியில் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள், செய்தித்தாள் என்றால் மை ஒட்டும். தாள் இருந்தால் பனியன் துணி இழுபடாது. பின்பக்கத் துணியும் சேர்ந்து மாட்டவில்லையே என்று பார்த்துக்கொண்டு, ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே நிதானமாகச் சுற்றி வாருங்கள். தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, 6 இழை எம்ப்ராய்டரி நூலில் 2 இழை மட்டும் பிரித்து ஓரத்தை மூடிக் காஜா தையல் போட்டால் அழகாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும்.

அப்புறம் சட்டையை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் மூத்தவள் அழுதது அந்தப் பக்கத்துக்காகத்தான் இருக்கும். காய்ந்த பசையோ முடிச்சோ நூல் நுனியோ நெஞ்சில் உரசினால் எவ்வளவு அழகான சட்டையையும் குழந்தை பத்து நிமிஷம் போட்டிருக்காது. பழைய வேட்டியில் ஒரு துண்டை வெட்டி, ஓரம் மடித்து, தையலை மூடிக் கையால் எம்மிங் செய்துவிடுங்கள். புது வேட்டி வேண்டாம், துவைத்துத் துவைத்து இளகிய வேட்டிதான் மெத்தென்று இருக்கும்.

நெட் துணி, நைலான் லேஸ் வைக்கலாமா என்று யோசித்தால் வேண்டாம், கேக் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அவை சட்டென்று பற்றி உருகி உடம்பில் ஒட்டும். கேக் கிரீம் பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள்.

இன்னொன்று, '2'-ஐ மட்டும் மெஷினில் தைக்காமல் கையாலேயே தையுங்கள். சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தால், அடுத்த வருஷம் '2'-ஐப் பிரித்துவிட்டு அதே மாம்பழத்துக்குப் பக்கத்தில் '3' வைத்துக்கொள்ளலாம்.