புழுங்கல் அரிசியும் வினாப்படிவமும்: வாசகர் கேள்வி பதில்

என் மூத்த மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள், இளையவள் உளவியல், மருமகன் பொது நிர்வாகம். மூவரும் இனிப்பு நீர் (நீரிழிவு) பற்றித்தான் ஆய்வு செய்கிறார்களாம். ஒரே நோய்க்கு எதற்கு மூன்று ஆய்வு? இளையவள் 12 பேரிடம் பேசியதோடு முடித்துவிட்டாள். அதெல்லாம் ஆய்வா?
(வாசகி, பட்டர்வொர்த்)

நோய் ஒன்றுதான், கேள்விகள்தாம் வேறு. மூத்தவர் கேட்பது 'எத்தனை பேருக்கு?' என்று. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வுக் குழுவினர் வீடு வீடாகப் போய், விரல் நுனியில் ஊசி குத்திப் பார்ப்பது இதற்காகத்தான். 18 வயதுக்கு மேற்பட்டோரில் 2019ல் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023ல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது இப்படித்தான் தெரியவந்தது. கிளினிக்கில் பதிந்த பெயர்களை மட்டும் எண்ணியிருந்தால், நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள்.

இளையவர் கேட்பது 'ஏன் மருந்தை நிறுத்தினார்கள்?' என்று. இதற்குப் படிவத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தால் 'மறந்துவிட்டேன்' என்ற கட்டத்தில் எல்லாரும் கோடிழுப்பார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால்தான் 'இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்று அர்த்தம்' என்ற பயம் வெளியே வரும். புதிதாக எதுவும் வராமல், சொன்னதையே எல்லாரும் சொல்லத் தொடங்கும்போது நிறுத்தலாம். அது 12 பேரிலும் நடக்கும், 30 பேரிலும் நடக்கும். அந்த 12 பேரும் தவணை தவறாமல் கிளினிக்குக்கு வருகிறவர்களாக இருந்தால்தான் ஆய்வு வீண். வராதவர்களைப் பற்றிய கேள்விக்கு வந்தவர்களிடம் பதில் இருக்காது.

மருமகனுடையது 'கிளினிக்கில் கூட்டம் எங்கே தேங்குகிறது?' என்ற கேள்வி. எண் சீட்டு எடுத்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், மருத்துவரைப் பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம் என நான்கையும் குறித்தாலே பாதி விடை வந்துவிடும். சராசரியை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவோம். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரு மணி நேரத்தில் முடித்து, ஒருவர் ஆறு மணி நேரம் காத்திருந்தாலும் சராசரி ஒன்றரை மணி நேரம்தான். நாள் சம்பளக்காரர் அந்த ஒருவராக இருந்தால் அடுத்த முறை வரமாட்டார்.

மூன்று துறையும் ஒன்றிலேயே சேர்ந்த ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 1967ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கடைநிலைப் பதவியினர் இதய நோயால் இறந்த விகிதம் உயர்பதவியினரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வேறுபாடு மறையவில்லை. 1985ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாததையும் ஒரு காரணமாகக் காட்டியது.

பிஎச்கியூ-9 மனச்சோர்வுப் படிவத்தைத் தமிழ் மூத்த குடிமக்களிடம் பயன்படுத்த வேண்டும். ஆங்கிலத்திலிருந்து நானே மொழிபெயர்த்துவிடலாமா?
(முதுகலை மாணவி, குளுகோர்)

கூடாது. முதலில் ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள், இதற்கு இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்காகச் செய்த தமிழ், பாகான் டாலாம் பாட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

புதிதாகச் செய்வதானால் வழி இது. இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்குங்கள். மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். எங்கே பொருள் விலகுகிறது என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். 'இதை உங்கள் சொல்லில் சொல்லுங்கம்மா' என்று கேளுங்கள்.

இந்தப் படிவம் ஒன்பது தொல்லைகளைச் சொல்லி, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அவை இருந்தன என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது. இதில் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, விடைகள். 'ஒருநாளும் இல்லை'க்கு அடுத்த விடையைப் 'பல நாட்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்பதைவிட அதிகமாகக் கேட்கும். 1ம் 2ம் இடம் மாறிவிடும். 'சில நாட்கள்' என்று போடுங்கள். 14 கட்டம் வரைந்த அட்டையைக் கையில் கொடுத்து எண்ணிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது: 7 கட்டம் தாண்டினால் பாதிக்கு மேல். இரண்டாவது, இரண்டாம் கேள்வியில் 'சோர்வு' என்றும் நான்காம் கேள்வியில் உடல் களைப்பையும் 'சோர்வு' என்றும் எழுதினால், ஒரே விடை இருமுறை எண்ணப்படும். முன்னதற்கு 'மனசு பாரமாக, நம்பிக்கையற்று' என்பதுபோல் எழுதலாம். மூன்றாவது, பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சிலருக்கு வாசித்துக் காட்டி, சிலரை எழுத விட்டால் இரண்டும் கலந்து கெடும். எல்லாருக்கும் வாசித்தே காட்டுங்கள், மருமகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

மொத்தம் 27, பொதுவாக 10ம் அதற்கு மேலும் வந்தால் மேல்பரிசோதனை. (மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 படிவமானால் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்க வேண்டும். அதை மறந்து ஊரே சுகமாக இருப்பதாக எழுதிய கட்டுரைகள் உண்டு.) ஒன்பதாம் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதற்கு ஒருவர் 'ஆம்' என்றால் அன்றே யாரிடம் அனுப்புவது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருங்கள். சுகாதார அமைச்சின் 15555 உதவி எண் கையிலிருக்கட்டும்.

எல்லா ஆய்விலும் 384 பேர் என்கிறார்களே, அது என்ன ராசி எண்ணா?
(வாசகர், செந்தூல்)

1.96ஐ 1.96ஆல் பெருக்கி, 0.25ஆல் பெருக்கி, 0.0025ஆல் வகுத்தால் 384.16. அதாவது 95 விழுக்காட்டு நம்பகத்தில் (அதற்கான எண்தான் 1.96), விழுக்காட்டுக் கணக்கு 5 புள்ளி முன்பின்னாக இருக்கலாம் (0.05ஐ 0.05ஆல் பெருக்கினால் 0.0025) என்பதற்குத் தேவையான ஆள் எண்ணிக்கை; 0.25 என்பது பாதிப் பேர் 'ஆம்', பாதிப் பேர் 'இல்லை' என்று கொண்டு 0.5ஐ 0.5ஆல் பெருக்கியது. மேல்நோக்கி 385 என்று கொள்வது சரி. 20 விழுக்காட்டினர் பாதியில் விலகுவார்கள் என்றால் 385ஐ 0.8ஆல் வகுத்து 482 பேரைச் சேருங்கள். 1.2ஆல் பெருக்கி 462 என்று போட்டால் கடைசியில் 370க்கும் குறைவாகவே மிஞ்சுவார்கள். இது குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் மட்டுமே செல்லும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை சாயங்காலம் எதிரே வந்தவர்களிடமெல்லாம் படிவம் நீட்டினால், 4,000 பேரானாலும் அவர்கள் கடைத்தெருவுக்கு வந்தவர்கள்தாம்.

கிளினிக்கில் 'ஆராய்ச்சிக்கு இரத்தம் வேண்டும்' என்று படிவம் நீட்டினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் மருந்து தரமாட்டார்களோ?
(வாசகர், பாகான் டாலாம்)

தருவார்கள். கலந்துகொள்ளாததற்காகவோ, பாதியில் விலகியதற்காகவோ சிகிச்சை மாறக்கூடாது; படிவத்திலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். விளக்கத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். எவ்வளவு இரத்தம் (5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி), எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் எடுப்பார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட படி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைத்தால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். வாட்சாப்பில் வந்த 'ஆய்வு' வங்கிக் கணக்கு எண் கேட்டால், அது ஆய்வு அல்ல.

பெரிய ஆராய்ச்சியெல்லாம் மேல்நாட்டில்தானே நடக்கிறது?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது, அதுவும் நம் புழுங்கல் அரிசியை வைத்து. அக்கால மலாயாவில் தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி (நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய்) பரவ, புழுங்கல் அரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். அரிசியா, வேலையா, இடமா என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் இங்குள்ள மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவு ஒன்றே. ஓராண்டில் வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. அந்தச் சத்து பிரித்தெடுக்கப்பட்டதே 1926ல்.

அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. சாவு எண்ணிக்கை ஏறத் தொடங்கிய மாதமே நிறுத்தச் சொல்லும். ஆனால் ஆய்வின் கட்டுக்கோப்பு அபாரம். குடியிருந்த கட்டடம்தான் நோய்க்குக் காரணமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, 1906 ஜூனில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, வெள்ளை அரிசியோடு கூடவே போனது.