3+2-ம் ஐந்து, 4+1-ம் ஐந்து: ஹானர்ஸ் ஆண்டுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் 4 ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். செலவு போக ஆண்டுக்கு நாலரை லட்சம் நிற்கும். மகள் பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். இப்போது ஆறாவது செமஸ்டர். ஐந்து செமஸ்டர் சராசரி 73 சதவீதம். மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வரலாம். நான்காம் ஆண்டு ஹானர்ஸ் படித்தால் எம்.ஏ. ஒரே ஆண்டில் முடியும், ஒரு வருஷம் மிச்சம் என்கிறார்கள். நான்காம் ஆண்டுக்குக் கட்டணம் 1,65,000 ரூபாய், விடுதியும் சாப்பாடும் 1,15,000. அங்கேயே ஓராண்டு எம்.ஏ. படிக்கச் சுமார் 3 லட்சம். சேலத்தில் இரண்டாண்டு எம்.ஏ. என்றால் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 60,000 போதும். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. கையில் டெபாசிட் 3 லட்சமும் 14 பவுன் நகையும் இருக்கின்றன. பயிர்க்கடன் பாக்கி ஒன்றரை லட்சம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கடன் வாங்கி ஹானர்ஸ் படிக்க வைக்கலாமா?
- ஏற்காடு வாசகர்

பதில்: முதலில் அந்த ‘ஒரு வருஷம் மிச்சம்’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டு பி.ஏ., இரண்டாண்டு எம்.ஏ. என்றால் ஐந்து ஆண்டு. நான்காண்டு ஹானர்ஸ், ஓராண்டு எம்.ஏ. என்றாலும் அதே ஐந்து. எதுவும் மிச்சமாகவில்லை. எம்.ஏ.வில் குறைகிற ஆண்டுக்கு நீங்கள் பி.ஏ.விலேயே பணம் கட்டிவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

பணத்தில் இந்த இரண்டும் சமமும் அல்ல. பெங்களூரில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 5,80,000 ரூபாய். சேலத்தில் 1,20,000. வித்தியாசம் 4,60,000 ரூபாய். உங்கள் தோட்டத்தின் ஓராண்டு நிகர வருமானத்தை விடச் சற்று அதிகம்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஓராண்டு எம்.ஏ., அதை நடத்துகிற நிறுவனத்தில்தான் கிடைக்கும். பெரியார் பல்கலைக்கழகம் உட்பட நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் 3+2 முறையில்தான் நடக்கின்றன. ஹானர்ஸ் முடித்த பிறகு ‘செலவு தாங்கவில்லை, சேலத்துக்கே வந்துவிடு’ என்று நீங்கள் அழைத்தால், அவள் இங்கே இரண்டாண்டு எம்.ஏ.தான் படிக்க வேண்டியிருக்கும். ஐந்து ஆறாகிவிடும். அதாவது நான்காம் ஆண்டுக்குப் பணம் கட்டும்போதே ஐந்தாம் ஆண்டுக்கான 3 லட்சத்துக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரிதான். முடிவெடுக்கும்போது 2,80,000 என்று பார்க்காதீர்கள், 5,80,000 என்றே பாருங்கள்.

அப்படியானால் ஹானர்ஸ் யாருக்குப் பலன் தரும்? எம்.ஏ.வே படிக்காமல் நேராக ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குத் தரும். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் சொல்கின்றன. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உரிய தேசியத் தகுதித் தேர்வான நெட்டும் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். ஆனால் அந்தத் தேர்வில் உதவித்தொகை பெறுகிறவர்கள் மிகச் சிலர். அந்த 37,000-ஐ வரவாக எழுதிக் கடன் கணக்குப் போட வேண்டாம். பலன் பெறும் இன்னொரு கூட்டம், அமெரிக்காவில் முதுகலை படிக்க நினைப்பவர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளங்கலை கேட்கின்றன. உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

கல்லூரி ஆசிரியர் ஆசைக்கு நான்காம் ஆண்டு குறுக்குவழி ஆகாது. நான்காண்டுப் பட்டத்தோடு நெட் எழுதினால் ஜே.ஆர்.எஃப்.புக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும்தான் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். எம்.ஏ. எப்படியும் படித்தே ஆக வேண்டும். அந்த எம்.ஏ. ஓராண்டுடையதாக இருந்தால், தமிழ்நாட்டு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதை இங்குள்ள எம்.ஏ.வுக்கு இணையாக ஏற்கிறார்களா என்ற கேள்வி வரும். வழக்கமான அமைப்பில் இல்லாத பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை கேட்பது நம் ஊர் தேர்வாணையங்களின் வழக்கம்.

இனி மதிப்பெண். ஹானர்ஸில் இரண்டு வகை உண்டு. ‘ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்’ எடுக்க முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். உங்கள் மகளின் சராசரி 73. எல்லா செமஸ்டருக்கும் சம எடை என்று வைத்தால், ஆறாவதில் 85 எடுத்தால்தான் 75 வரும். 73-இல் நிற்கிற பிள்ளை ஒரே செமஸ்டரில் 12 சதவீதம் ஏறுவது கடினம். ஏறாவிட்டால் கிடைப்பது சாதாரண ஹானர்ஸ்: 12 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் புள்ளி) ஆய்வேட்டுக்குப் பதிலாக அதே 12 கிரெடிட்டுக்கு மூன்று பாடங்கள். ஆய்வேடும் இல்லாமல் 2,80,000 கொடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆகவே மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வந்து சேலத்தில் எம்.ஏ. சேரட்டும். ஆறாவது செமஸ்டரில் 85 தொட்டு, ஆராய்ச்சிதான் வேண்டும் என்று அவளே உறுதியாக நின்றால் மட்டும் மறுபடி யோசியுங்கள். அப்போதும் அவளது துறையில் பிஎச்.டி. வழிகாட்டிகள் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை ஆய்வேடு என்று கேட்டுவிட்டு யோசியுங்கள்.

வெளியேறுவதிலும் ஒரு சிக்கல் வரலாம். நான்காண்டுப் படிப்பாகச் சேர்த்திருந்தால், மூன்றாண்டோடு நிற்கப்போவதாக எழுத்தில் தெரிவிக்கும்படி பல இடங்களில் கேட்பார்கள். தெரிவிக்காமல் விட்டால் அடுத்த செமஸ்டர் கட்டணம் பாக்கி என்று சான்றிதழை நிறுத்திவைக்கிற இடங்களும் உண்டு. தேர்வு தொடங்கும் முன்பே பதிவாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 120 கிரெடிட்டோடு மூன்றாண்டுப் பட்டம் தருவீர்களா, தற்காலிகச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் எத்தனை நாளில் கிடைக்கும், கிரெடிட்டுகள், அவற்றைச் சேர்த்துவைக்கும் அவளுடைய ஏ.பி.சி. கணக்கில் ஏறிவிட்டனவா என்று கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். இங்கே எம்.ஏ. விண்ணப்பம் தொடங்கும்போது பெங்களூரில் ரிசல்ட் வந்திராமல் போகலாம். ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியலோடு விண்ணப்பிக்க முடியுமா என்று சேலத்தில் இப்போதே விசாரியுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் ஹானர்ஸ்தான் என்று வீட்டில் முடிவானால், டெபாசிட்டை உடைக்காதீர்கள். ஒன்றரை ஆண்டில் மகன் கல்லூரி வாசலில் நிற்பான். அந்த 3 லட்சம் அவனுடையது. கல்விக் கடனில் 4 லட்சம் வரை பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீனோ முன்பணமோ கேட்பதில்லை. நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2,80,000-ஐ இரண்டு செமஸ்டருக்கு இரண்டு தவணையாக எடுத்து, படிப்பு ஓராண்டும் அதன்பின் ஓராண்டும் எதுவும் கட்டாமல் விட்டால், வட்டி மட்டும் 51,450 சேர்ந்து கடன் 3,31,450 ஆகும். ஐந்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 7,125 ரூபாய். அந்த இரண்டு ஆண்டும் வட்டியை மாதாமாதம் (அதிகபட்சம் 2,450 ரூபாய்) கட்டிவந்தால் தவணை 6,020-க்கு இறங்கும். மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அதில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ‘கல்விக் கடன் வட்டிக்கு வரி மிச்சமாகும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பழைய வரி முறையில்தான் அந்தக் கழிவு, உங்கள் வருமான அளவில் அதனால் பெரிய பலனும் இல்லை.

நகைக்கடன் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கட்டணம் ஜூலையில், காபிப் பணம் ஜனவரிக்குப் பிறகு. பறிப்பு நேரத்தில் மழை பிடித்தாலோ விலை இறங்கினாலோ மீட்கும் தேதி தள்ளிப்போகும், பயிர்க்கடன் பாக்கியும் கூடவே நிற்கும். முதல் செமஸ்டருக்கு மட்டும் என்றால் சரி. அதற்கு மேல் நகையைத் தொட வேண்டாம். காய்ந்த மிளகு மூட்டையில் கெடாமல் இருக்கும். கட்டணத்துக்காக அவசரத்தில் அதை விற்காமல், பயிர்க்கடன் கெடு தேதிக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையை இந்த மாதமே முடிக்கலாம். பி.சி. சான்றிதழ் வேறு, மத்திய அரசு படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருந்தால் இரண்டாவதையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாங்கி வையுங்கள். நெட், பிஎச்.டி. இரண்டிலும் 5 சதவீத மதிப்பெண் தளர்வுக்கு அதைத்தான் கேட்பார்கள். சாதாரண விவசாய வருமானத்தை ‘கிரீமி லேயர்’ (ஓ.பி.சி. சலுகை கிடைக்காத வசதி படைத்தோர்) கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் காபித் தோட்டத்துக்கு அந்த விலக்கு கிடையாது, அதன் வருமானம் 8 லட்சம் வரம்பில் பார்க்கப்படும். நாலரை லட்சத்தில் உங்களுக்குத் தொல்லை இல்லை. மூன்று ஆண்டு விற்பனை ரசீதுகளை எடுத்துக்கொண்டு போங்கள்.