வயசாயிடுச்சு என்று விடலாமா? முதியோர் மனநலம்: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் முதியோரைப் பார்த்துவரும் மனநல மருத்துவர் பதில் சொல்கிறார்.

அப்பத்தாவுக்கு 76 வயது. பேரப்பிள்ளைகள் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்கள். மறதி நோயா டாக்டர்? (கானாடுகாத்தான்)

பெயர் மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம். நாக்கு நுனியில் நிற்கிற பெயர் பத்து நிமிஷம் கழித்து வருவதும், புது செல்போன் பழக நாளாவதும் வயதோடு வருபவைதான். மொய் நோட்டைப் பார்த்து யாருக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது அதில் தடுமாறுகிறாரா? பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறாரா? சில மாதங்களாக இது கூடிவந்தால் அழைத்து வாருங்கள். முதலில் ரத்தத்தில் பி12 வைட்டமின், தைராய்டு அளவு பார்ப்போம். அந்தக் குறையால் வரும் மறதி மருந்தில் சரியாகலாம்.

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 81. போன வாரம் வரை தெளிவாக இருந்தார். மூன்று நாளாக, செத்துப்போன பெரியப்பா பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறார். பகலெல்லாம் தூக்கம். மந்திரிக்கலாம் என்கிறார் அயித்தை. (தேவகோட்டை)

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். திடீரென்று வரும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடம்பில்தான் காரணம் இருக்கும்: மூத்திரத் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், சளிக்கென்று கடையில் வாங்கியதையும் சேர்த்து. சில சளி மாத்திரைகளே இப்படிக் குழப்பிவிடும். மந்திரிப்பதை, போய்வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்பச்சி தவறி எட்டு மாதம். ஆத்தா (அம்மா) ஊரில் தனியாக இருக்கிறார்கள். ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுவதையே விட்டுவிட்டார்கள். இடுப்பு வலி, வாய்க்கசப்பு என்கிறார்கள். டெஸ்ட் எல்லாம் நார்மல். "வயசாச்சு, இனி என்ன" என்கிறார்கள். (சிங்கப்பூரிலிருந்து)

முதலில் கண்ணையும் விரலையும் பாருங்கள். கண்புரையால் ஓலை இழை தெரியாமலும், மூட்டுவலியால் இழுத்துப் பின்ன முடியாமலும் விட்டிருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்தும், ஓலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஆத்தாமார்களுக்கு 'மனசு சரியில்லை' என்று சொல்ல வராது. வயிறு, இடுப்பு, தூக்கம் என்றுதான் வெளிவரும்.

துக்கம் அலையலையாக வரும். நடுவில் பேத்தியை வீடியோ காலில் பார்த்தால் முகம் மலரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே மலரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் சிகிச்சை வேண்டும். "நான் இருந்து என்ன" என்று சொன்னால், சாகிற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஊரில் இருக்கும் உறவினர் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், இலவசம். மாத்திரை குறைந்த அளவில் தொடங்கும். பலன் தெரிய சில வாரமாகும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சமையலுக்கும் காவலுக்கும் ஆள் போட்டுவிட்டால் போதும் என்று வெளியூர்ப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அத்தனை பெரிய வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள்?

எனக்கு 70. ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. தூக்க மாத்திரை போடலாமா? (பள்ளத்தூர்)

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எட்டு மணிக்கு என்றால் ஏழு மணி நேரம் தூங்கியாயிற்று! பத்துக்குப் படுங்கள், மதியத் தூக்கத்தைக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். அரைத் தூக்கத்தில் எழுந்து நிலைப்படி தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஏற்கெனவே நாள்பட எடுத்துவந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.