பொலேரோ பிக்கப்பில் இரண்டு குதிரை டிரெய்லரை இழுக்கலாமா?

கோபியில் ஒரு மார்வாரிக் குதிரையும் ஒரு மட்டக்குதிரையும் வைத்திருக்கிறீர்கள். பெங்களூருப் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு குதிரை நிற்கிற பழைய டிரெய்லர் விலைக்கு வருகிறது. வீட்டில் இருக்கிற பொலேரோ பிக்கப் அதை இழுக்குமா, இல்லை இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய பிக்கப் ஒன்று வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இழுக்கத்தான் செய்யும். சமதரையில் இரண்டு டன்னை இழுக்காத டீசல் பிக்கப் எது? எனக்குப் பயமெல்லாம் அதை நிறுத்துவதிலும் முன்பாரத்திலும்தான்.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். இரண்டு குதிரை டிரெய்லர் வெறுமனே 900 முதல் 1000 கிலோ இருக்கும். மார்வாரிக்கு 400, மட்டத்துக்கு 250 என்று வைத்தாலும், சேணம், தண்ணீர், தீவனம் எல்லாம் சேர்த்து 1700 கிலோவைத் தாண்டும். நாளைக்கு மட்டத்தை விற்றுவிட்டு இன்னொரு பெரிய குதிரை வாங்க மாட்டீர்களா என்ன? 2000 கிலோ என்றே கணக்குப் போடுங்கள்.

பொலேரோவில் 1.3 டன், 1.7 டன் என்று சொல்கிறார்களே, அது முதுகில் சுமக்கிற கணக்கு. பின்னால் இழுக்கிற எடை வேறு கணக்கு. வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் எடை என்று தனியாகப் போட்டிருந்தால் அதுதான் உச்சம். போடவே இல்லை என்றால், அந்த வண்டியை இழுப்பதற்காகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்வேன். பட்டறையில் "சேசிஸ் ஸ்ட்ராங்குங்க, கொக்கி வெச்சுத் தர்றேன்" என்பார்கள். கொக்கி வைத்துவிடலாம், வண்டியின் பிரேக் அதே பிரேக்தானே.

இதற்கு ஹைலக்ஸையே உதாரணம் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் விற்கிற ஃபோர் வீல் டிரைவ் ஹைலக்ஸுக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3500 கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரே இன்ஜின், ஒரே சேசிஸ். டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். (இங்கே வாங்கினால் இங்கத்திக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.) அதனால் நீங்கள் பார்க்கிற டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால், எந்த பிக்கப் என்ற பேச்சுக்கே போக வேண்டாம்.

இப்போது முன்பாரம். மாட்டு வண்டி பார்த்த வீட்டில் பிறந்திருந்தால் இது உங்களுக்கே தெரியும். எங்கள் அப்புச்சி பருத்தி மூட்டை ஏற்றும்போது கடைசியில் நுகத்தடியைக் கையால் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். லேசாகக் கனக்க வேண்டும். சும்மா மேலே வந்தால், "பின்பாரம்டா, ஒரு மூட்டைய முன்னால தள்ளு, மாட்டுக்குக் கழுத்து இறுகிப்போகும்" என்பார். குதிரை டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கி மேல் உட்கார வேண்டும். 1700 கிலோவுக்குச் சுமார் 170. குறைந்தால் பின்னால் ஆட்டம் கொடுக்கும். ரொம்பக் கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. ஐரோப்பிய டிரெய்லராக இருந்தால் இந்த உச்சம் இன்னும் குறைவாக இருக்கும். முன்பக்கத் தகட்டில் அடித்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் பெண் குதிரை ஒன்று வாங்கி, மச்சானுடைய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு உடுமலைக்குத் திரும்பினோம். பெருந்துறை, திருப்பூர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பல்லடம் தாண்டியதும் ஆரம்பித்தது. அந்த ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று மேற்கிலிருந்து நேராக விலாவில் அடிக்கும். டிரெய்லரோ பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி உயரம். குடிமங்கலம் நால்ரோட்டுக்கு முன்னால் ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனதும் பின்பக்கம் இடது, வலது, இடது என்று ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெரிசு. மச்சான் "பிரேக்கப் புடிங்க மாமா" என்று கத்துகிறான். பிடித்திருந்தால் டிரெய்லர் எங்களை முந்தியிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டேன். 65-லிருந்து 40-க்கு வந்ததும் அடங்கியது. இறங்கிப் பின்கதவைத் திறந்தால், குதிரை நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு கழுத்தெல்லாம் நுரையாக நிற்கிறது. அதற்கப்புறம் ஒரு மாதம் அது எந்த வண்டியிலும் ஏறவில்லை.

மறுநாள் எடைமேடைக்குப் போனோம். அதே தீவனக் கட்டுகளை அதே இடத்தில் வைத்து, குதிரைக்குப் பதிலாக அதன் எடைக்கு மூட்டைகளை அடுக்கினோம். முதலில் பிக்கப்பை மட்டும் ஏற்றினோம்: 2010 கிலோ. பிறகு டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நாலு சக்கரமும் மேடையில், டிரெய்லர் சக்கரம் வெளியே நிற்கிற மாதிரி நிறுத்தினோம்: 2050. கூடின 40 கிலோதான் கொக்கி மேல் இருந்த பாரம். டிரெய்லரும் சுமையும் 1380. நூற்றுக்கு மூன்று கூட வரவில்லை. தீவனக் கட்டுகளைப் பின்கதவு ஓரத்தில் அடுக்கியது என் தப்பு. இன்னொன்று, பிக்கப்பின் கொக்கி உயரமாக இருந்ததால் டிரெய்லர் மூக்கு மேலே தூக்கி, பாரம் பின்னால் சரிந்திருந்தது. திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் கொக்கியைப் போல்ட் போட்ட தகடு வைத்துக் கீழே இறக்கினோம், டிரெய்லர் தரைக்குச் சமமாக நிற்கிற உயரத்துக்கு. தீவனம் பிக்கப்புக்கு மாறியது. டிரெய்லருக்குள் தண்ணீர் கேனும் சேணமும் மட்டும், மூக்குப் பக்கம். அடுத்த எடையில் 150 வந்தது. அதே ரோட்டில் அதே காற்றில் இப்போதும் போகிறேன், 50-க்கு மேல் போவதில்லை.

உங்களுக்கு மைசூர்ப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் திம்பம் இருக்கிறது, 27 கொண்டை ஊசி. ஏறுவது பெரிய விஷயமில்லை. இறங்கும்போதுதான் சோதனை. பழைய டிரெய்லர்களில் பெரும்பாலும் தள்ளுப் பிரேக்தான் இருக்கும்: வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், கொக்கித் தண்டு உள்ளே போகும், பிரேக் பிடிக்கும். மலை இறக்கத்தில் அது தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக் பிடித்தபடியே சூடேறும். மேலேயே இரண்டாம் கியருக்கு மாற்றி இன்ஜினால் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், வழியில் நிறுத்தி ஆற விட வேண்டும். 40-ல் போகிறதை நிறுத்துவதை விட 60-ல் போகிறதை நிறுத்த இரண்டேகால் மடங்கு சக்தி செலவாகும். அவ்வளவும் பிரேக்கில் சூடாகத்தான் போகிறது.

குதிரையை எந்தப் பக்கம் கட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. நம் ரோடு நடுவில் மேடாக, இடது ஓரம் சரிவாக இருக்கும். அதனால் ஒரே குதிரை என்றால் வலது பக்கம், டிரைவருக்குப் பின்னால். இரண்டு என்றால் மார்வாரி வலது, மட்டம் இடது.

சரி, எந்த வண்டி? இரண்டு குதிரையும் பிரேக் உள்ள டிரெய்லரும் என்றால் வி-கிராஸ், ஹைலக்ஸ் வகைதான், அதுவும் கையேட்டு எண்ணைப் பார்த்த பிறகு. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வருஷத்துக்கு எத்தனை நடை என்று எண்ணுவேன். அந்தியூர் சந்தைக்கு ஒன்று, மற்றபடி இரண்டு மூன்று என்றால், அதற்காக முப்பது லட்சம் பக்கம் போடுவது வெட்டி வேலை. டாடா 407 சின்ன லாரியை வாடகைக்குப் பிடித்து, வரப்பு மேட்டில் பின்பக்கத்தை அணைத்து நிறுத்தி ஏற்றிக்கொள்ளுங்கள். சந்தைக்கு வருகிற குதிரைகளில் முக்கால்வாசி அப்படித்தான் வருகின்றன. ஒரு குதிரைக்கு உங்கள் பொலேரோவே போதும், முதுகில் ஏற்றி. அது அந்த வேலைக்குத் தங்கமான வண்டி.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனம். இன்சூரன்ஸும் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் ஏற்றினாலும் கால்நடை மருத்துவரின் சான்று கையில் இருக்கட்டும்.

டிரெய்லரைப் பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். தரையில் கிடக்கிற ரப்பர் பாயைத் தூக்கச் சொல்லி, பலகையை நாலு மூலையிலும் நடுவிலும் குத்திப் பாருங்கள். குதிரை மூத்திரம் ஊறி ஊறி அடியில் உளுத்திருக்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். அப்புறம் டயர். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 1816 என்றால் 2016-ஆம் ஆண்டு 18-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழசு என்றால் டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பலகை உளுத்திருந்தால் பேசவே வேண்டாம், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.