கணினி கேள்வி - பதில்: ஒயர்லெஸ் கீபோர்டு

கேள்வி: ரிசீவருடன் (யு.எஸ்.பி.யில் செருகும் சின்னக் கருவி) வரும் ஒயர்லெஸ் கீபோர்டை மேசைக் கணினிக்கு வாங்கினேன். ரிசீவர் சி.பி.யு.வின் பின்பக்கம் இருக்கிறது. திடீரென்று எழுத்துகள் விழுவதில்லை. சில சமயம் ஒரே எழுத்து வரி முழுக்க ஓடுகிறது. வெளி ஹார்டு டிஸ்க்கில் படங்களை ஏற்றும்போது அறவே நின்றுவிடுகிறது. கீபோர்டில் போட்டிருக்கும் பேட்டரி செல் புதுசுதான். (ஈரோடு வாசகர்)

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஹார்டு டிஸ்க்தான். உங்கள் கீபோர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யு.எஸ்.பி. 3.0 டிஸ்க்கில் தகவல் ஓடும்போது, அதன் கேபிளிலிருந்தும் செருகும் இடத்திலிருந்தும் அதே அலைவரிசையில் இரைச்சல் கசியும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பின்பக்கத்தில் ரிசீவரும் டிஸ்க்கும் விரற்கடை தூரத்தில் உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, உங்களுக்கும் ரிசீவருக்கும் நடுவே சி.பி.யு.வின் தகரப் பெட்டி.

எழுத்து வரி முழுக்க ஓடுவதும் இதனால்தான். கீயை அழுத்தினால் ஒரு செய்தி போகிறது, விரலை எடுத்தால் இன்னொன்று. இரண்டாவது வழியில் தொலைந்தால், நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நோட்பேடில் பத்து வரி அடித்துப் பாருங்கள். ஒழுங்காக விழுந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மானிட்டருக்கு அடியில் கொண்டுவந்து வையுங்கள். பலரும் வேகம் கூடும் என்று ரிசீவரை நீல நிற (யு.எஸ்.பி. 3.0) போர்ட்டில் செருகுகிறார்கள். கீபோர்டுக்கு அந்த வேகம் எதற்கு? கறுப்பு (2.0) போர்ட்டே தாராளம். வைஃபை ரூட்டர் மேசையிலேயே இருந்தால் அதையும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: டேப்லெட்டில் பயன்படுத்திய புளூடூத் கீபோர்டை மறுபடி லேப்டாப்பில் இணைக்க முடியவில்லை. பட்டியலில் 'பேர்டு' என்று காட்டுகிறது, ஆனால் ஓர் எழுத்துகூட விழவில்லை. (காரைக்குடி வாசகர்)

பதில்: 'பேர்டு' (ஜோடி சேர்ந்தது) வேறு, 'கனெக்டட்' (இப்போது இணைந்திருப்பது) வேறு. முதல் தடவை ஜோடி சேரும்போது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்ளும். அதே சேனலில் (ஒரு கருவியை நினைவில் வைக்க கீபோர்டில் உள்ள இடம்) நீங்கள் டேப்லெட்டை இணைத்ததும் கீபோர்டு பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டது. லேப்டாப்போ அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது. எத்தனை தடவை 'கனெக்ட்' அழுத்தினாலும் பூட்டு திறக்காது.

முதலில் டேப்லெட்டில் புளூடூத்தை அணையுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்' போய், கீபோர்டின் பெயரை 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து நீக்குங்கள். கீபோர்டில் 1, 2, 3 என்று சேனல் கீகள் இருந்தால், டேப்லெட்டுக்குக் கொடுக்காத ஒன்றை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் எஃப்.என். கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு லேப்டாப்பில் 'ஆட் டிவைஸ்'.

பாதிப் பேர் தவறுவது இதற்கு அடுத்த படியில். திரையில் ஓர் எண் வரும், பெரும்பாலும் 6 இலக்கம். அதை லேப்டாப் கீபோர்டில் அல்ல, இணைக்கப்போகும் கீபோர்டில் அடித்து என்டர் தட்ட வேண்டும். அடிக்கும் எண் திரையில் தெரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். தாமதித்தால் நேரம் முடிந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஒயர்லெஸ் கீபோர்டின் ரிசீவர் தொலைந்துவிட்டது. வேறு வாங்கிப் போடலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: லாஜிடெக் நிறுவனத்தின் 'யூனிஃபையிங்' வகை என்றால் முடியும். கீபோர்டில் ஆரஞ்சு நிறத்தில் சின்ன நட்சத்திரம் போன்ற குறி இருக்கிறதா பாருங்கள். அந்த ரிசீவர் தனியாகவும் விற்கிறது. ஒன்றில் 6 கருவிகள்வரை சேர்க்கலாம். அதே நிறுவனத்தின் இன்னொரு வகையான 'போல்ட்' ரிசீவர் அதற்குச் சேராது, வாங்கி ஏமாறாதீர்கள். மலிவான கீபோர்டு-மவுஸ் செட் என்றால், பெரும்பாலும் ரிசீவர் போனால் செட்டே போன மாதிரி.

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) வைத்திருக்கிறேன். ஒன்றில் புளூடூத் கீபோர்டை இணைத்தால் மற்றதில் அறுந்துவிடுகிறது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புத் திரையிலும் வேலை செய்யவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: மேலே சொன்ன அதே சாவிச் சிக்கல். இரண்டும் ஒரே புளூடூத் முகவரியில் பேசுவதால் கீபோர்டுக்கு அவை ஒரே கணினி. கடைசியாகக் கொடுத்த சாவியை மட்டும் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை உபுண்டுவுக்கு நகல் எடுத்துப் போடும் வழி உண்டு. பொறுமை இல்லாவிட்டால் ரிசீவர் வகைக்கு மாறிவிடுங்கள். ரிசீவரைக் கணினி சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டாகவே பார்ப்பதால் பயாஸிலும் எழுத்து விழும். புளூடூத்துக்கு அநேகமாக விண்டோஸோ உபுண்டுவோ எழுந்து வந்தால்தான் உயிர்.

கேள்வி: கீபோர்டில் புது செல் போட்டும் விளக்கே எரியவில்லை. (திருவாரூர் வாசகர்)

பதில்: செல் உட்காரும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பழைய செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல் என்றால், பஞ்சில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி போடுங்கள்.